மர்ம மலையில் மதராஸ் இல்லை

அமெரிக்க இசையமைப்பாளர் ஆலன் ஹோவானெஸின் ஆர்கெஸ்ட்ரா படைப்புகள் ஆறைச் சேர்த்து டெலோஸ் நிறுவனம் 1990களில் ஒரு குறுந்தகடு வெளியிட்டது. வாசித்தது சியாட்டில் சிம்பொனி, நடத்தியவர் ஜெரார்ட் ஷ்வார்ஸ். ‘மர்ம மலை’ என்று பெயர் பெற்ற இரண்டாவது சிம்பொனிதான் அதில் பிரதானம். கூடவே டிரம்பெட்டுக்கும் தந்தி வாத்தியங்களுக்குமான ‘புனித கிரிகோரியின் பிரார்த்தனை’, ஃபியூக் (ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் வடிவம்) சார்ந்த மூன்று படைப்புகள், திமிங்கிலங்களின் குரல் பதிவை ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்த ‘கடவுள் மாபெரும் திமிங்கிலங்களைப் படைத்தார்’. ஹோவானெஸை முதல்முறை கேட்பவருக்கு நான் கொடுக்கிற தட்டு இதுதான்.

நம்மவர்களிடம் கொடுக்கும்போது மட்டும் ஒரு சிக்கல் வரும். இவர் 1959ல் மதராஸுக்கு வந்தவர், மியூசிக் அகாடமியில் கலந்துகொண்டவர், வீணை படித்தவர் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும், கேட்கிறவர் ராகம் தேட ஆரம்பித்துவிடுவார். ‘மர்ம மலை’யின் முதல் பகுதியில் வயலின்கள் ஏறி இறங்கும்போது “இது கீரவாணி சாயல்தானே?” என்பார். ஏழு எண்ணிக்கையில் ஒரு சொற்றொடர் வந்தால் மிஸ்ர சாபு என்று தொடையில் தட்டுவார். சென்னைதான் இந்த மனிதரை உருவாக்கியது என்ற முடிவுக்கு வர அரை மணி நேரம்கூடத் தேவைப்படாது.

தேதிகள் அதற்கு இடம் தரவில்லை. ‘மர்ம மலை’ 1955ல் அரங்கேறிவிட்டது. கிரிகோரியின் பிரார்த்தனை 1946. மூன்று ஃபியூக் படைப்புகளில் ஒன்றான நான்கு கருப்பொருள் ஃபியூக்கின் வேர் 1936ல் அவர் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய முதல் ஸ்ட்ரிங் குவார்டெட்டில் இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவுக்காக 1954ல் அதை மாற்றி எழுதினார். மற்ற இரண்டு தந்தி வாத்தியப் படைப்புகளும் 1930, 40களைச் சேர்ந்தவை. ஆறில் ஒன்றே ஒன்று, 1970ல் வந்த திமிங்கிலங்கள் மட்டும், மதராஸுக்குப் பிறகு எழுதப்பட்டது. நமக்குப் பழக்கமான ஏதோ ஒன்று இந்த இசையில் கேட்கிறது என்பது பொய்யில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

ஹோவானெஸ் 1911 மார்ச் 8 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சோமர்வில்லில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் ஆலன் வானெஸ் சக்மக்ஜியன். தந்தை, துருக்கியின் அதானா பகுதியிலிருந்து வந்த ஆர்மீனியர், டஃப்ட்ஸ் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். தாய் ஸ்காட்லாந்து வம்சாவளி. 1930ல் தாய் இறந்த பிறகு தந்தைவழித் தாத்தாவின் நினைவாகப் பெயரை மாற்றிக்கொண்டார். அதிலிருந்து வந்ததுதான் ஹோவானெஸ். பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் படித்தார். ஆரம்பகால இசையில் பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் நிழல் பலமாக விழுந்திருந்தது. 1930களில் பின்லாந்துக்கே போய் அவரைச் சந்தித்துவிட்டு வந்தார், மகளுக்கு அவர் பெயரையும் வைத்தார்.

ஆர்மீனிய இசை அவருக்குள் இறங்கியது அதற்குப் பிறகு. 1940 முதல் வாட்டர்டவுனில் இருந்த புனித ஜேம்ஸ் ஆர்மீனிய தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். வாரம் தவறாமல் ஆர்மீனிய வழிபாட்டு ஆராதனைக்கு வாசிப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பாடல்களில் மெட்டு ஒற்றைக் கோடாக நீளும், அடியில் ஒரு ஸ்வரம் நகராமல் நிற்கும், சொற்றொடரின் நீளத்தை வசனம் தீர்மானிக்கும். மேற்கத்திய இசையின் மேஜர், மைனர் என்ற இரண்டே பெட்டியில் அடங்காத ஸ்வர வரிசைகள் அதில் சர்வசாதாரணம். மேற்கத்திய இசைக் கல்வி பெற்ற ஒருவர் இதில் ஊறினால், பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் கார்டுகளை மாற்றி மாற்றிக் கதை சொல்லும் பழக்கம் தானாகவே தளரும். நம் காதுக்கு உறவாகத் தோன்றுவது இந்த ஊற்றுதான். ஸ்ருதி பிடித்து நிற்பதும் ஸ்வர வரிசைக்கு விசுவாசமாக இருப்பதும் நமக்கு மட்டும் பட்டா போட்டுத் தந்த சொத்தல்ல.

இந்திய இசை அதற்கு முன்பே அவர் காதில் விழுந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1936ல் உதய்சங்கரின் நடனக் குழு பாஸ்டனுக்கு வந்தபோது விஷ்ணுதாஸ் ஷிராலியின் இசையைக் கேட்டார். இந்தியா மீதான வாழ்நாள் ஈடுபாடு அங்கே ஆரம்பித்தது. ஆனால் ஒரு மாலை நேரத்து நிகழ்ச்சி ஆர்வத்தைத் தூண்டலாம், ராக இலக்கணம் கற்றுத் தராது.

இப்படிப்பட்ட இசைக்கு 1940களின் அமெரிக்காவில் என்ன வரவேற்பு இருந்திருக்கும்? டாங்கிள்வுட் கோடைப் பள்ளியில் செக் இசையமைப்பாளர் போஹுஸ்லாவ் மார்டினுவிடம் படிக்க உதவித்தொகை பெற்றுப் போனார். அங்கே ஒரு வகுப்பில் அவருடைய முதல் சிம்பொனியின் பதிவு ஒலித்துக்கொண்டிருக்க, ஆரோன் கோப்லாண்ட் பக்கத்தில் இருந்தவர்களோடு ஸ்பானிஷில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். தட்டு ஓடி முடிந்ததும் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் பியானோவில் ஒரு மைனர் ஸ்வர வரிசையை வாசித்துக் காட்டி, சேரிச் சங்கீதம் என்ற பொருள்பட மட்டம் தட்டினார். இருவரும் அமெரிக்க இசையின் தூண்கள் என்று நாம் படிப்பவர்கள்! அந்தச் சிம்பொனியின் பெயர் ‘நாடுகடத்தல்’. ஆர்மீனியர்களின் துரத்தலை நினைத்து எழுதியது. அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஹோவானெஸ் பாதியிலேயே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்த ஆண்டுகளில் தன் பழைய கையெழுத்துப் பிரதிகளைக் குவியல் குவியலாகத் தீயிலிட்டார். எத்தனை என்ற கணக்கில் அவர் சொன்னதே முறைக்கு முறை மாறும், அதற்குள் போக வேண்டாம். எரித்த பிறகு அவர் எழுதியது வேறு இசை என்பதுதான் முக்கியம்.

1944ல் வந்த ‘லுசாட்சாக்’ அதன் முதல் பெரிய சாட்சி. பியானோவுக்கும் தந்தி வாத்தியங்களுக்குமான கான்செர்டோ. பியானோ தன் கார்டுகளைத் துறந்து, தந்தியை மீட்டும் வாத்தியம்போல ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு ஒற்றை மெட்டை நகர்த்துகிறது. அதைவிடப் பெரிய புதுமை பின்னணியில் நடந்தது. வயலின் கலைஞர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சொற்றொடர் கொடுக்கப்பட்டது. அவரவர் வேகத்தில், பக்கத்து நாற்காலிக்காரரைப் பற்றிக் கவலைப்படாமல் வாசித்துக்கொண்டே இருக்கலாம், நடத்துபவர் கை காட்டும்போது நிறுத்தினால் போதும். கோயில் பிராகாரத்தில் ஐம்பது பேர் ஒரே சுலோகத்தை அவரவர் போக்கில் முணுமுணுத்துக்கொண்டே சுற்றினால் எழும் ஒலி நமக்குத் தெரியும். கிட்டத்தட்ட அந்த விளைவு. சொற்களைப் பிரித்தெடுக்க முடியாது, ஆனால் காற்று முழுக்கச் சுலோகம். நியூயார்க்கில் இந்தப் படைப்பு வாசிக்கப்பட்டபோது இசையமைப்பாளர்கள் லூ ஹாரிசனும் ஜான் கேஜும் அரங்கில் இருந்தார்கள், இருவருமே ஆதரவாளர்கள் ஆனார்கள். கலைஞர்களின் விருப்பத்துக்கு விட்டுவிடும் இந்த உத்தி ஐரோப்பிய நவீனர்களிடம் பரவியது பல வருடங்கள் கழித்து. நவீனர்கள் பிற்போக்கு என்று ஒதுக்கியவரிடம் அது முன்பே இருந்தது. வரலாற்றுப் புத்தகங்கள் இதை ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி ‘மர்ம மலை’. ஹூஸ்டன் சிம்பொனியின் பொறுப்பை ஏற்ற நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி தன் முதல் கச்சேரிக்காகக் கேட்டு வாங்கியது. 1955 அக்டோபர் 31 அன்று அரங்கேறியது. படைப்புக்கு ஓபஸ் எண் (ஒருவரின் படைப்புகளுக்கு இடும் வரிசை எண்) இல்லையே என்று ஸ்டோகோவ்ஸ்கி கேட்டதாகவும், எண் போட்டால் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லவே 132 என்று போட்டதாகவும் ஹோவானெஸ் பின்னால் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இரண்டாவது சிம்பொனி என்ற வரிசை எண்ணும் இதேபோல்தான். எட்டுப் பத்துச் சிம்பொனிகள் எழுதிய கைக்கு இது இரண்டாவது ஆனது எப்படி என்று தேடினால், காலியாகக் கிடந்த எண்ணில் பிற்பாடு உட்கார வைத்தார்கள் என்று தெரியவரும். அந்த மலை எந்த ஊர் மலையும் இல்லை. மண்ணுலகமும் மேலுலகமும் சந்திக்கும் இடமாகவே அவர் மலைகளைப் பார்த்தார்.

மூன்று பகுதிகள், மொத்தம் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் பகுதி தேவாலயத் துதிப்பாடலின் நடையில் நகர்கிறது. தந்தி வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து கார்டு கார்டாக நகர்கின்றன. கார்டுகள் ஒவ்வொன்றும் எளிமையானவை, பள்ளிக்கூட ஹார்மோனியத்தில் அழுத்தக்கூடியவை. ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி எதிர்பாராதது. வழக்கமான மேற்கத்திய இசையில் ஒரு கார்டு அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும், வீடு திரும்பும் அவசரம் இருக்கும். இங்கே அந்த அவசரமே இல்லை. இவற்றின் மேல் செலஸ்டா என்ற சிறு விசைப்பலகை வாத்தியமும் ஹார்ப்பும் சிறு மணிகளாகச் சிதறுகின்றன. ராகம் தேடுகிறவர் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். இது அடிப்படையில் பல குரல்கள் கூடிப் பாடும் துதிப்பாடல். கமகம் கிடையாது, ஒரு ஸ்வரத்தை ஆட்டிப் பார்க்கும் எண்ணமே கிடையாது. ஸ்வரங்கள் நிற்கின்றன, நகர்கின்றன, அவ்வளவுதான். நம் ராகத்துக்கு உயிர் கொடுப்பது ஸ்வரங்களுக்கு நடுவே நடக்கும் காரியம். அது இங்கே அறவே இல்லை.

இரண்டாம் பகுதி இரட்டை ஃபியூக். ஃபியூக்கில் ஒரு குரல் ஒரு கருப்பொருளைப் பாடிவிட்டு மேலே போக, இரண்டாவது குரல் அதே கருப்பொருளை வேறு ஸ்தாயியில் எடுக்கும், பிறகு மூன்றாவது, நான்காவது. முதலில் பாடியவர் வாயை மூடிக்கொள்வதில்லை; புதிதாக வந்தவருக்கு எதிராக வேறொன்றைப் பாடிக்கொண்டிருப்பார். நால்வரும் ஒரே நேரத்தில் வேறுவேறு விஷயம் பேசியும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் எழுதுகிறவரின் திறமை. கர்நாடக சங்கீதத்தில் இதற்கு இணையே இல்லை. ஹோவானெஸ் முதலில் ஒரு மெதுவான கருப்பொருளை, பழைய ஐரோப்பிய தேவாலயக் குழுவினர் பாடுவதைப் போல, அமைதியாகக் கட்டுகிறார். அது முடிந்ததும் தந்தி வாத்தியங்கள் திடீரென்று ஓட்டமெடுக்கின்றன. இது இரண்டாவது கருப்பொருள், படுவேகம். அதற்கும் எதிர்க்கருப்பொருள்கள், கண்டிப்பான நாலு குரல் துரத்தல்கள் எல்லாம் உண்டு. கடைசியில் வயலின்கள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்க, மேலே அந்தப் பழைய மெதுவான மெட்டு அகலமாக வந்து உட்காரும்போது மயிர் கூச்செறியும். இந்தத் தட்டில் ஒரே ஒரு நிமிடம்தான் கேட்பேன் என்று அடம்பிடிப்பவருக்கு அந்த நிமிடத்தைப் போட்டுக் காட்டலாம்.

மூன்றாம் பகுதியில்தான் தொடை தட்டுபவர்களுக்கு வேலை. ஹார்ன்களும் டிரம்போன்களும் ஒலியை அடக்கும் மியூட் போட்டு மெல்லிய குரலில் ஏழு எண்ணிக்கையில் ஒரு ஓதலைத் தொடங்குகின்றன. பின் பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரு பேரலை எழுந்து உச்சிக்குப் போய் வடிகிறது. நடுவில் ஓபோக்களும் கிளாரினெட்டுகளும் ஐந்து எண்ணிக்கையில் ஒரு மெட்டு பாடுகின்றன. ஏழு, பதின்மூன்று, ஐந்து! மிஸ்ரம், சங்கீர்ண ஜாதி திரிபுடை, கண்டம் என்று நம் கணக்கில் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. ஆனால் தாளம் என்று நாம் சொல்வது எண்ணிக்கை மட்டும் அல்லவே. ஆவர்த்தனம் மாறாமல் சுழன்றுகொண்டிருக்கும். அதற்குள் கணக்குப் போட்டு, பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்குச் சரியாக வந்து விழுவதில்தான் நமக்கு இன்பம். கோர்வை என்ற ஒன்று பிறப்பதே சுழற்சி நிலையாக இருப்பதால். ஹோவானெஸிடம் சுழற்சி இல்லை. மெட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு எண்ணிக்கை. ஓதல் ஏழில் மூச்சு விடுகிறது, அதனால் ஏழு. மெட்டு ஐந்தில் முடிகிறது, அதனால் ஐந்து. வழிபாட்டு வசனத்தின் நடை இது, லயக் கணக்கின் நடை அல்ல. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் மற்ற குழப்பங்கள் பாதி தீர்ந்துவிடும்.

இந்தச் சிம்பொனி பரவியதற்குக் கச்சேரி அரங்கங்களைவிட எல்பி இசைத்தட்டுதான் பெரிய காரணம். ஃபிரிட்ஸ் ரைனர் சிகாகோ சிம்பொனியைக் கொண்டு 1958ல் ஆர்சிஏ நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். ஸ்டீரியோ என்பது வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம். புதிய பெட்டி வாங்கியவர்கள் அதன் சாமர்த்தியத்தைக் காட்டத் தட்டு தேடிக்கொண்டிருந்தார்கள். செலஸ்டாவும் ஹார்ப்பும் இடமும் வலமுமாக மின்னும் இசைக்கு வேறென்ன விளம்பரம் வேண்டும்? ஐம்பதுகளில் எம்ஜிஎம் நிறுவனமும் அவருடைய படைப்புகள் பலவற்றைத் தட்டாக்கியது. விமர்சகர்களில் வர்ஜில் தாம்சன்போல் சிலர் தவிர மற்றவர்கள் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பல்கலைக்கழகங்களின் இசைத் துறைகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடையில் தட்டு வாங்கியவர்கள்தான் அவரைக் காப்பாற்றினார்கள். அவருக்கே இது புரிந்திருந்தது. 1963ல் மனைவியோடு சேர்ந்து பொசைடன் சொசைட்டி என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தையே தொடங்கிவிட்டார். தன் படைப்புகளை லண்டன் ஆர்கெஸ்ட்ராக்களைக் கொண்டு தானே நடத்திப் பதிவு செய்து விற்றார்.

அடுத்து மதராஸ். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் 1959ல் வந்தார். மியூசிக் அகாடமியின் இசைவிழாவில் பங்கேற்க அழைக்கப்பட்ட முதல் மேற்கத்திய இசையமைப்பாளர் அவர்தான். மதுரை மணி ஐயர் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற ஆண்டு அது. ஸ்வரம் பாடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ரசிகர்கள் மூழ்கிக் கிடந்த சீசனில் ஓர் ஆர்மீனிய அமெரிக்கர் குறிப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைத்துப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. வீணை கற்றுக்கொண்டார். முந்நூறுக்கும் மேற்பட்ட ராகங்களைக் கைப்பட எழுதிச் சேர்த்தார். கர்நாடக ராகங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று நிறையக் குறிப்புகள் திரட்டினார், புத்தகம் முடியவில்லை.

ஆர்மீனியர்களுக்கும் இந்த ஊருக்கும் உள்ள பந்தம் அவருக்கு முந்தையது. ஆர்மீனியன் தெருவும் அங்கே உள்ள தேவாலயமும் இன்றும் பாரிமுனைப் பக்கம் இருக்கின்றன. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை அச்சானதே 1794ல் மதராஸில்தான்.

அவர் இங்கே என்ன கொண்டுவந்தார், இங்கிருந்து என்ன கொண்டுபோனார் என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. கொண்டுவந்தவற்றில் ஒன்று எட்டாவது சிம்பொனி ‘அர்ஜுனா’. 1947லேயே எழுதியது. 1960 தொடக்கத்தில் சென்னையில்தான் முதன்முதலாக அரங்கேறியது. மகாபாரதப் பெயர், சென்னை மேடை, ஆனால் இசை பிறந்தது அமெரிக்காவில், பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால். இந்தியத்தனம் இங்கே ஒட்டிக்கொண்டது என்று நினைப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

இங்கே உருவானது என்றால் ‘நாகூரான்’. நாகூர் தர்காவுக்குப் போய்வந்த பிறகு அந்த அனுபவத்திலிருந்து எழுதியது. வாசித்தது மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா இல்லை, சென்னை வானொலி நிலையத்தின் தென்னிந்திய வாத்தியக் குழு. 1960 பிப்ரவரி 3 அன்று வானொலியில் ஒலிபரப்பானது. அகாடமி சபைகளில் கேட்டதைவிட நாகூரில் பார்த்தது அவரை எழுத வைத்தது என்பதில் எனக்கு வியப்பில்லை. வழிபாட்டு இசையிலிருந்தே எப்போதும் தொடங்கிய மனிதர். சமாதிக்கு முன் இந்து முஸ்லிம் என்று பாராமல் ஜனங்கள் கூடி நிற்கும் இடம் அவர் கண்ணில் படாமல் போயிருக்க முடியாது.

கொண்டுபோனதன் சுவடு ஆர்கெஸ்ட்ரா இசையில் இருக்கிறதா? 1966ல் எழுதிய பத்தொன்பதாவது சிம்பொனிக்கு ‘விஷ்ணு’ என்று பெயர். பொசைடன் தட்டில் அவரே நடத்திய பதிவு இருக்கிறது. பிளவில்லாமல் ஒரே பகுதியாக அரை மணி நேரம் ஓடும். ‘லுசாட்சாக்’கில் பார்த்த முணுமுணுப்பு உத்தி இங்கே பூதாகரமாக வளர்ந்து, சுழலும் பிரபஞ்சம்போல் ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் விழுங்குகிறது. அதனூடே நீண்ட தனி மெட்டுகள் எழுகின்றன. பெயர் நம்முடையது, ஆனால் கருவி 1944ல் பாஸ்டனில் செய்தது. மதராஸ் அவருக்குப் புதுப் பாதை காட்டியதைவிட, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பாதை சரிதான் என்று தைரியம் கொடுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒற்றை மெட்டை நம்பி ஒரு பெரிய சங்கீத மரபே பல நூற்றாண்டுகளாக நிற்பதை நேரில் பார்த்தவருக்கு, டாங்கிள்வுட் வகுப்பறையின் சிரிப்பு அதற்குப் பிறகு உறைத்திருக்காது.

மதராஸிலிருந்து அவர் போனது ஜப்பான். 1962, 63ல் அங்கே ககாகு என்ற அரசவை இசையைப் படித்தார். கொரிய இசையிலும் இறங்கினார். திமிங்கிலப் படைப்பைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதில் வரும் ஐந்து ஸ்வர மெட்டுகள் நம்மவர்களுக்கு மோகனத்தையோ ஹிந்தோளத்தையோ ஞாபகப்படுத்தினாலும், அவற்றின் வாசனை கிழக்காசியக் கரையிலிருந்து வருகிறது.

அந்தப் படைப்பின் பின்கதை சுவாரசியமானது. பெர்முடாவில் அமெரிக்கக் கடற்படைக்காக வேலை பார்த்த ஃபிராங்க் வாட்லிங்டன் என்ற பொறியாளர் கடலடியில் ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்தபோது கூன்முதுகுத் திமிங்கிலங்களின் குரல்கள் கிடைத்தன. உயிரியலாளர் ரோஜர் பெய்ன், ஸ்காட் மெக்வே இருவரும் அதை ஆராய்ந்து, அவை தாறுமாறான கத்தல்கள் அல்ல, திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு கொண்ட பாட்டு என்று கண்டறிந்தார்கள். திமிங்கில வேட்டை பெரிய அளவில் நடந்துகொண்டிருந்த காலம். இசைநடத்துநர் ஆந்த்ரே கோஸ்டலனெட்ஸ் ஹோவானெஸிடம் இந்தப் பதிவுகளைச் சேர்த்து ஒன்று எழுதித் தரச் சொன்னார். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் 1970 ஜூனில் அதை அரங்கேற்றியது. திமிங்கிலப் பாட்டுகள் மட்டும் அடங்கிய தட்டு கடைகளில் சக்கைபோடு போட்டதும் அதே காலத்தில்தான்.

அமைப்பு எளிமையானது. தந்தி வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி வேகத்தில் வாசிக்க, கடல் உருவாகிறது. ஹார்ன்களும் டிரம்போன்களும் டியூபாவும் கடலடி மலைகளாக எழுந்து அமிழ்கின்றன. குறித்த இடங்களில் ஆர்கெஸ்ட்ரா அடங்கி வழி விட, ஒலிநாடாவில் திமிங்கிலம் தனியாகப் பாடுகிறது. மனிதன் இன்னும் பிறக்காத காலம் இது என்று அவர் குறிப்பு எழுதினார். முணுமுணுப்பு உத்திக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அவருக்கு வாய்த்ததில்லை: அலைக்கு லயம் கிடையாது, ஒவ்வொரு அலையும் தன் போக்கில் வரும். ஆனால் மெட்டுகள் கொஞ்சம் மேம்போக்கானவை. திமிங்கிலத்தின் குரல் வந்ததும் மனிதர்கள் எழுதிய மெட்டு சோபை இழந்துவிடுகிறது. டிரம்போன்கள் வழுக்கிக்கொண்டு அந்தக் குரலைப் பிடிக்கப் பார்க்கின்றன; பிடிபடவில்லை. திமிங்கிலம் ஜெயிப்பதே நோக்கம் என்றால் படைப்பு வெற்றிதான். ஜனங்களுக்கு மிகவும் பிடித்த படைப்பு இது என்பதால் எல்லாத் தொகுப்பிலும் இருக்கிறது. என் வரிசையில் இதற்குக் கீழ் இடம்தான்.

கிரிகோரியின் பிரார்த்தனை ஐந்து நிமிடம்கூட நீளாது. ஆர்மீனியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர் என்று மரபு கொண்டாடும் கிரிகோரி, அரசனின் ஆணையால் ஆழமான குழிக்குள் பல ஆண்டுகள் அடைக்கப்பட்டுக் கிடந்தவர். ‘எச்மியாட்சின்’ என்ற ஓபராவுக்கு நடுவில் வரும் இடையிசையாக ஹோவானெஸ் இதை எழுதினார். தந்திகள் அசையாமல் பிடித்து நிற்க, டிரம்பெட் தனியாகப் பிரார்த்திக்கிறது. அந்த வாத்தியத்தை ராணுவ அணிவகுப்போடும் கல்யாண பேண்டோடும் சேர்த்தே கேட்டுப் பழகியவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

அவர் மீதான பெரிய புகார், அளவுக்கு மீறி எழுதினார் என்பது. நியாயமான புகார். 1970ல் இருபத்திரண்டாவது சிம்பொனி, 1992ல் அறுபத்தேழாவது. ஓபஸ் எண்கள் நானூறைத் தாண்டின. இருபத்திரண்டு வருடத்தில் நாற்பத்தைந்து சிம்பொனி எழுதினால் சில மலைகள் ஒன்றுபோலவே தெரியத்தான் செய்யும். துதிப்பாடல், ஃபியூக், முணுமுணுப்பு, மறுபடியும் துதிப்பாடல் என்று ஒரு அச்சு விழுந்துவிட்டது. பிற்காலப் படைப்புகளில் ஃபியூக்குகள் பயிற்சிப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவைபோல ஒலிக்கும் இடங்கள் உண்டு. டெலோஸ் தட்டின் அறிவே தேர்வில் இருக்கிறது. 1930களிலிருந்து 1970 வரை பரவலாக, ஆனால் கைதேர்ந்த காலத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

சியாட்டிலில் இந்தப் பதிவு நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஹோவானெஸ் 1960களில் அந்த ஆர்கெஸ்ட்ராவின் உறைவிட இசையமைப்பாளராக இருந்தவர், 70களின் தொடக்கத்தில் அங்கேயே குடியேறிவிட்டார். சுற்றிலும் பனிமலைகள் தெரியும் ஊர். 2000 ஜூன் 21 அன்று மறையும்வரை அங்கேதான் வாழ்ந்தார். 1985ல் ஆர்கெஸ்ட்ராவின் பொறுப்புக்கு வந்த ஷ்வார்ஸ், ஹோவார்ட் ஹான்சன், டேவிட் டயமண்ட், வால்டர் பிஸ்டன் என்று மற்றவர்கள் கைவிட்ட அமெரிக்கர்களையெல்லாம் வரிசையாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஷ்வார்ஸ் முதலில் டிரம்பெட் கலைஞர். பித்தளை வாத்தியங்கள் இந்தத் தட்டில் கம்பீரமாகவும் உருண்டையாகவும் ஒலிப்பதில் அதன் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ரைனர் பதிவு வேறு ரகம். சிகாகோவின் தந்திகள் ஃபியூக்கில் கத்திபோல் பாய்கின்றன, மூன்றாம் பகுதியின் பதின்மூன்று எண்ணிக்கை அலையில் ஒரு பயம் இருக்கிறது. ஷ்வார்ஸிடம் அந்த அலை அழகாக இருக்கிறது, பயமாக இல்லை. சிம்பொனிக்கு மட்டும் என்றால் ரைனர். மற்ற ஐந்துக்கும் ஷ்வார்ஸ்.

இதற்கு மேலும் வேண்டும் என்பவர்கள் இதே கூட்டணியின் இன்னொரு டெலோஸ் தட்டைத் தேடலாம். 1980 மே 18 அன்று வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையைப் பற்றிய ஐம்பதாவது சிம்பொனி அதில் இருக்கிறது. வெடிப்பின் அதிர்வு தன் வீட்டுத் தெற்கு ஜன்னல்களில் மோதியதைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். கடைசிப் பகுதியில் தாள வாத்தியங்கள் கட்டவிழ்ந்து இடிப்பதை நல்ல ஸ்பீக்கரில், பக்கத்து வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போட்டுக் கேட்க வேண்டும். அதே தட்டில் இருபத்திரண்டாவது சிம்பொனியை நடத்தியிருப்பவர் ஹோவானெஸேதான்.